ராஜா மாறினார், மேஸ்திரி மாறவில்லை

ஸ்பெயின் போகிறோம் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் பார்சிலோனாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கௌடியின் தேவாலயம், கடற்கரை, மெஸ்ஸி ஆடிய மைதானம். நாங்கள் பார்சிலோனா பக்கமே போகவில்லை. 2024 ஜூலையில் அந்த ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனபோது, தெருவோர உணவகங்களில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்களே, அதற்குப் பயந்து அல்ல. வீட்டு வாடகை கைக்கு எட்டாமல் போன கோபம் அது. நியாயம் அவர்கள் பக்கம்தான். நாங்கள் போகாததற்குக் காரணம் அப்பா.

அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு, பாலம், தாலுகா ஆபீஸ் கட்டடம் என்று வெயிலில் நின்று வேலை வாங்கியவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் மூலவரைக் கும்பிட்ட கையோடு தூணைத் தட்டிப் பார்ப்பார். கோர்டோபா மசூதியின் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு, "ஏம்மா, வளைவுக்கு மேல இன்னொரு வளைவு எதுக்கு வச்சிருக்கான்? ஒண்ணு போதாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் பயணத் திட்டமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் உருவானது. மாட்ரிட்டில் இறங்கி, டொலேடோ, கோர்டோபா, செவில், கிரனாடா என்று தெற்கே போய், திரும்பவும் மாட்ரிட். மார்ச் கடைசி என்பதால் வெயிலும் வாட்டவில்லை.

மாட்ரிட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வசதியான, கலகலப்பான தலைநகரம். பிராடோ அருங்காட்சியகத்தில் கோயாவின் கறுப்பு ஓவியங்களுக்கு முன்னால் நான் பேச்சற்று நின்றபோது, அவை முதலில் அவருடைய வீட்டுச் சுவரிலேயே வரையப்பட்டு, பிறகு பெயர்த்துத் துணிக்கு மாற்றப்பட்டவை என்ற குறிப்பைப் படித்துவிட்டு அப்பா, "எப்படிப் பெயர்த்தான்?" என்பதிலேயே நின்றார்.

அங்கே பழக வேண்டியது சாப்பாட்டு நேரம்தான். நிலப்படத்தில் ஸ்பெயின் ஏறக்குறைய லண்டனுக்கு நேர் தெற்கே இருக்கிறது. ஆனால் 1940-ல் பிராங்கோ அரசு கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதனால் சூரியன் தாமதமாக மறைகிறது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், சின்னக் கடைகள் ஐந்து மணி வரை அடைப்பு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. அப்பா ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர். அந்த நேரத்துக்கு உணவகத்துக்குள் நுழைந்தால், மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார்.

டொலேடோ மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, நடுவில் குன்று, குன்றின் மேல் ஊர். வயதானவர்கள் பயப்பட வேண்டாம்; சரிவில் எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்கள். மேலே போனதும் கத்திக் கடைகள். வாள், கேடயம், தங்க இழை பதித்த காதணி, கன்னியாஸ்திரிகள் செய்த பாதாம் மிட்டாய். எல்லாவற்றுக்கும் நடுவில், பைகளிலும் பலகைகளிலும் ஒரே வாசகம்: மூன்று பண்பாடுகளின் நகரம். முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள் மூவரும் இங்கே கூடி வாழ்ந்தார்களாம்.

படிக்க இதமாகத்தான் இருக்கிறது. தெருவில் இறங்கி நடந்தால் கதை அத்தனை இதமாக இல்லை.

கிறிஸ்தோ தெ லா லூஸ் என்று ஒரு குட்டிக் கட்டடம். 999-ல் மசூதியாகக் கட்டியது. சுமார் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர், அவ்வளவுதான். உள்ளே நான்கு தூண்கள், அவற்றால் பிரிந்த ஒன்பது கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குட்டிக் கவிகை, அதாவது வளைந்த கூரை. ஒன்பதும் ஒன்பது மாதிரி. தூண்களின் தலைப்பகுதியான போதிகைகள் அதற்கும் முந்தையவை, முஸ்லிம்களுக்கு முன் அங்கே ஆண்ட விசிகோத்துகள் காலத்தவை. எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1085-ல் வடக்கே இருந்த கிறிஸ்தவ நாடான கஸ்டீலின் அரசன் ஆறாம் அல்போன்சோ, அதுவரை முஸ்லிம்கள் ஆண்ட டொலேடோவைப் பிடித்தான். அடுத்த நூற்றாண்டில் மசூதி தேவாலயமானது. கருவறை வேண்டுமே, பின்பக்கம் ஓர் அரைவட்ட மாடத்தைச் சேர்த்தார்கள். அப்பா ஒட்டு எங்கே என்று தேடிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தார். செங்கல்லும் அதே மாதிரி, திறப்பில்லாத குருட்டு வளைவுகளை அடுக்கும் பாணியும் அதே மாதிரி. "வேற ஆள் வந்து கட்டலம்மா. இதே ஊர் ஆளுங்கதான்" என்றார்.

அப்படித்தான் நடந்திருக்கிறது. ராஜா மாறினார், மேஸ்திரி மாறவில்லை. கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் வந்தபிறகும் ஊரைவிட்டுப் போகாத முஸ்லிம்களை ஸ்பெயினில் முதேஹார் என்கிறார்கள். கொத்து வேலை, தச்சு வேலை, சுதை வேலை, ஓடு பதிக்கிற வேலை எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. கட்டச் சொன்னவர் யாராக இருந்தாலும் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் கட்டினார்கள். இந்தச் சின்னக் கட்டடத்தின் முகப்பில் செங்கல்லாலேயே எழுத்து அடுக்கி ஓர் அரபுக் கல்வெட்டு இருக்கிறது. பணம் கொடுத்தவர் பெயரோடு, கட்டிய மூசா இப்னு அலி, சஆதா ஆகிய இருவர் பெயரும் அதில் உண்டு. அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். "நம்ம ஊர்ல கல்வெட்டுல மந்திரி பேரு மட்டும்தான் வரும்" என்றார்.

அங்கிருந்து பழைய யூதர் தெருவுக்கு நடந்தோம். சாந்தா மரியா லா பிளாங்கா யூதர்களின் தொழுகைக் கூடமாகக் கட்டப்பட்டது. ஆனால் உள்ளே நுழைந்தவுடன் மசூதி என்றுதான் தோன்றும்: வெள்ளை வெளேரென்று லாட வடிவ வளைவுகள், எட்டுப்பட்டைத் தூண்கள், உச்சியில் பைன் காய்கள் செதுக்கிய போதிகைகள். பெயரோ மாதாவின் பெயர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறித்துத் தேவாலயமாக்கிவிட்டார்கள். கிறிஸ்தவ ராஜாவின் ஊரில், யூதர்களுக்காக, முஸ்லிம் பாணியில் எழுந்த கூடம். மூன்று பண்பாடும் இங்கே கூடித்தான் இருக்கிறது, ஆனால் மூன்றாமவர் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார் என்பதைப் பையில் அச்சடிக்க மாட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி எல் திரான்சிதோ. பேத்ரோ அரசனின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹ-லேவி 1350-களில் கட்டிய யூதக் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே தலையைத் தூக்கினால் இருண்ட மரக் கூரை; அதன் கீழே சுவர் நெடுகச் சுதை வேலை. கிட்டே போய்ப் பார்த்தேன். மேலே எபிரேய மொழியில் வேதத்தின் சங்கீதப் பாடல்கள் பட்டையாக ஓடுகின்றன. அதன் கீழே கொடியும் இலையும் பின்னிக்கொள்ளும் இடத்தில், இலை என்று நினைத்தது அரபு எழுத்து. நடுநடுவே கஸ்டீல்-லியோன் அரசின் கோட்டையும் சிங்கமும். சாமுவேல் தன்னுடைய அரசனையும் தன் கடவுளையும் ஒரே சுவரில் வைத்திருக்கிறார். அந்த அரசன்தான் சில வருடங்கள் கழித்து அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தான். சாமுவேல் சிறையிலேயே இறந்தார். 1492-ல் யூதர்கள் எல்லாரையும் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்ன ஆணை வந்தது. 2015-ல், அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரலாம் என்று ஸ்பெயின் ஒரு சட்டம் போட்டது. ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு வந்த மன்னிப்பு. அதுவும் மூன்று வருடம், நீட்டித்தால் நான்கு வருடம்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையோடு.

எல் கிரெகோவின் பெரிய ஓவியத்துக்கு சாந்தோ தொமே தேவாலயத்தில் வரிசை நின்றோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரில் எனக்கு மனதில் நிற்பது அந்தச் சுதைச் சுவர்தான்.

கோர்டோபாவில் ஓர் இரவாவது தங்குங்கள். மாட்ரிட்டிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிற கூட்டம்தான் அந்த ஊரில் அதிகம். தங்கினால் என்ன லாபம் என்றால், திங்கள் முதல் சனி வரை காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை மசூதிக்குக் கட்டணம் இல்லை, குழுக்களும் இல்லை. நாங்கள் எட்டரைக்கு ஆரஞ்சு மர முற்றத்தில் நின்றோம். மரத்துக்கு மரம் தரையில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அப்பா அதன் வாட்டத்தைப் பார்க்கக் குனிந்தவர், கதவு திறந்ததையே கவனிக்கவில்லை.

உள்ளே போனால் தூண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். இப்போது மிச்சம் இருப்பவை 856. கோர்டோபாவை ஆண்ட முதலாம் அப்த் அல் ரஹ்மான் 785 வாக்கில் தொடங்கினான். பிறகு வந்தவர்கள் மூன்று முறை நீட்டினார்கள். தூண்களில் பல ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. வெவ்வேறு வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகளை ஒரே பந்தியில் போட்டது போல, ஒன்று கறுப்பு, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று வரியோடியது, ஒன்றில் முறுக்கு.

அப்பாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. எடுத்து வந்த தூண்கள் குட்டை. அவ்வளவு பெரிய கூடத்துக்குக் கூரையை அந்த உயரத்தில் போட்டால் மூச்சு முட்டும், வெளிச்சமும் வராது. அதனால் தூணின் தலையில் ஒரு சதுரக் கட்டுத்தூணை ஏற்றியிருக்கிறார்கள். மேல் வளைவு அதிலிருந்து கிளம்பிக் கூரையைத் தாங்குகிறது. ஒல்லித் தூணின் மேல் இவ்வளவு உயரம் போனால் பக்கவாட்டில் சாயுமே? கீழ் வளைவு அதற்குத்தான். அது எதையும் சுமக்கவில்லை. அதன் மேல் சுவரே இல்லை, வெறும் காற்று. தூண்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேல் வளைவு தடிமன், கீழ் வளைவு மெல்லிசு. அந்த மேல் தடிமனுக்கும் காரணம் உண்டு; ஒவ்வொரு வரிசைக்கும் தலைக்கு மேலே, இரண்டு சாய்கூரைகள் சேரும் இடத்தில், மழைத்தண்ணீர் போகும் கால்வாய் ஓடுகிறது. "குறைச்சலை வச்சே அழகு பண்ணிட்டான்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

வளைவில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவது செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். கிழக்குப் பக்கம் நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் ஏதோ மாறுகிறது. என்ன என்று உடனே பிடிபடாது. அப்பா ஒரு வளைவின் கீழ் நின்று கழுத்தை வளைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது செங்கல் இல்ல, பெயின்ட்டு." கையேட்டைப் புரட்டினேன். சரிதான். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் அல்மன்சூர் செய்த நீட்டிப்பு அது. கலீபா சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர், ஆட்சி முழுக்க மந்திரி அல்மன்சூர் கையில். பெரிதாக, சீக்கிரமாக வேண்டும். தெற்கே ஆறு, மேற்கே அரண்மனை, அதனால் கிழக்கே விரித்தான். மக்காவின் திசை காட்டும் மாடம் அதோடு நடுவிலிருந்து ஒதுங்கிப் போனது. வளைவு முழுவதும் கல், மேலே சிவப்புச் சாயம். எந்தக் காலத்திலும் அவசரக் கான்ட்ராக்ட் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இதே அல்மன்சூர்தான் 997-ல் வடமேற்கு ஸ்பெயினின் கிறிஸ்தவ யாத்திரைத் தலமான சந்தியாகோவைச் சூறையாடி, தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விளக்காக்கினான் என்பது கதை. 1236-ல் மூன்றாம் பெர்னாண்டோ கோர்டோபாவைப் பிடித்ததும், அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினானாம். இரண்டு பக்கமும் கணக்கைத் துல்லியமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

பிடித்தவர்கள் மசூதியை இடிக்கவில்லை. அப்படியே கதீட்ரல் என்று அறிவித்துவிட்டு உள்ளே பூசை வைத்தார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் பெரிய மாற்றம் இல்லை. ஊரில் மிச்சமிருந்த முஸ்லிம் கொத்தனார்களும் தச்சர்களும் வருடத்துக்கு இரண்டு நாள் இந்தக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை செய்ய வேண்டும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. தாத்தா தொழுத இடத்தைப் பேரன் கூலியில்லாமல் பூசிக்கொடுத்திருக்கிறான். 1371-ல் அரச குடும்பத்துக்கு ஒரு சமாதி மண்டபம் உள்ளேயே முடிந்தது. அதைப் பாருங்கள்: சுதை மாடம், நட்சத்திரம் போல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கவிகை, அடியில் வண்ண ஓடு. கிறிஸ்தவ ராஜாவைப் புதைக்க இதைவிட நல்ல வேலை தெரிந்த ஆள் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

மசூதியின் நடுவில் புதிதாக ஒரு தேவாலயம் எழும்பியது அதற்குப் பிறகு. 1523-ல் ஆயர் அலோன்சோ மான்ரிக்கே வேலையைத் தொடங்க, இடிப்பில் கைவைக்கும் வேலையாளுக்கு மரண தண்டனை என்று நகர சபை மிரட்டியது. சபையில் இருந்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராஜா சார்லஸ் அனுமதி கொடுத்துவிட்டார். பிறகு நேரில் வந்து பார்த்து, எங்கும் இல்லாத ஒன்றைக் கெடுத்து எங்கும் இருக்கிற ஒன்றைக் கட்டிவிட்டீர்களே என்று வருத்தப்பட்டாராம். சொன்னாரோ இல்லையோ, ஊரே இதைச் சொல்கிறது.

எனக்கு அந்த வருத்தம் முழுதாக வரவில்லை. தாழ்ந்த, மங்கிய வெளிச்சத்தில் தூண்களுக்கு நடுவே நடந்துவந்து, திடீரென்று தலைக்கு மேல் வானத்துக்கு வெள்ளையாக எழும்புகிற இடத்தில் நின்றபோது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது திகைப்பு. வேறு ஊரில் இருந்திருந்தால் அந்தத் தேவாலயத்தைப் பார்க்கவே போயிருப்பேன். பக்கத்தில் மசூதியின் வளைவுகளைப் புதுச் சுவரோடு கோத்துவிட்டிருக்கிறார்கள். அப்பா அந்த இணைப்பைக் காட்டி, "பழசு நிக்கறதே இதனாலதான்னு சொல்றவன் இருப்பான்" என்றார். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எரிச்சல் வந்தது துண்டறிக்கையைப் படித்தபோதுதான். 2006-ல் மறைமாவட்டம் இந்த இடத்தை 30 யூரோ கட்டணத்தில் தன் பெயரில் பத்திரப் பதிவு செய்துகொண்டது. அதுபற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. முஸ்லிம்கள் இங்கே தொழக்கூடாது. துண்டறிக்கை முழுக்கக் கதீட்ரல்தான். மசூதி என்பது நடுவில் வந்துபோன விருந்தாளி மாதிரி. கண்ணெதிரே 856 சாட்சிகளை வைத்துக்கொண்டு இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

ஓரத்தில் ஒரு காட்சிப் பலகை. கொத்தர்கள் கல்லில் விட்டுப்போன பெயர்களையும் குறிகளையும் அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊர் சல்மோரேஹோ, தக்காளியும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் அரைத்த குளிர்ந்த கெட்டிச் சூப்பு. சைவம் என்று நினைத்து ஆர்டர் செய்தால் மேலே பன்றித் தொடைக்கறியைத் தூவிக் கொண்டுவருவார்கள். முன்பே ஹமோன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் டூனா மீன் வரும். அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. அப்பா முட்டை சாப்பிடுவார் என்பதால் உருளைக்கிழங்கு அடையை வைத்துப் பிழைத்தோம். கத்தரிக்காயைச் சீவிப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருகிறார்கள், தவறவிடாதீர்கள்.

செவில் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் ஆரஞ்சுப்பூ வாசனை. தெருவெல்லாம் மரம், மரமெல்லாம் பழம், யாரும் பறிப்பதில்லை. கசக்குமாம், இங்கிலாந்துக்குப் போய் மார்மலேடு ஆகிறது.

இங்கே பார்க்க வேண்டியது அல்காசர் அரண்மனை. கட்டியவன் டொலேடோவில் நாம் பார்த்த அதே பேத்ரோ. சிலருக்குக் கொடியவன், சிலருக்கு நீதிமான். கிரனாடாவின் முஸ்லிம் சுல்தான் ஐந்தாம் முகமது இவனுக்கு நண்பன். நாற்காலியை இழந்த முகமதுக்கு அதைத் திரும்பப் பிடிக்க பேத்ரோ உதவினான். பேத்ரோ அரண்மனை கட்டியபோது கிரனாடாவிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். 1364 தேதியிட்ட முகப்பைப் பாருங்கள். ஓரம் முழுக்க கோதிக் எழுத்தில், மேன்மை தங்கிய தோன் பேத்ரோ கட்டுவித்தது என்று ஸ்பானிய வாசகம். அதன் நடுவில், நீலமும் வெள்ளையுமான ஓட்டில், நேராகவும் தலைகீழாகவும், இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை என்று அரபு வாசகம். அது கிரனாடா சுல்தான்களின் முத்திரை வாக்கியம். உள்முற்றத்துச் சுவரில் கிறிஸ்தவ ராஜாவையே சுல்தான் என்று வாழ்த்தி எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு, மதச் சகிப்பு என்று முடித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலான வேலை எதுவோ அது தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று பணக்காரனுக்கு வரும் ஆசை. சகிப்பு வேறு விஷயம். அடுத்த தலைமுறையில், 1391-ல், யூதர்களை வெட்டிக் கொன்ற கலவரம் தொடங்கியது இதே செவிலில்தான்.

கதீட்ரலில் கொலம்பஸின் பெட்டியை நான்கு ராஜ்ஜியங்களின் உருவங்கள் தோளில் சுமந்து நிற்கின்றன. கியூபா கைவிட்டுப் போனபின் 1899-ல் அங்கிருந்து கொண்டுவந்தது. அந்த ஆள் மிளகைத் தேடிக் கிளம்பியவர்; அவர் திறந்துவிட்ட வழியில்தான் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நம் அடுப்புக்கு வந்து சேர்ந்தன. அவர் செய்த கொடுமைகளை நினைத்து முகம் திருப்பலாம் என்றால், முந்தின நாள் ராத்திரி ஹோட்டல் அறையில் ஆவக்காயைத் தொட்டுக்கொண்டது ஞாபகம் வருகிறது. ஹிரால்டா கோபுரம் மசூதியின் பாங்கு கோபுரமாக 1198-ல் முடிந்தது. மேலே மணிக்கூண்டு பதினாறாம் நூற்றாண்டுக்காரர்கள் வைத்தது. உள்ளே உச்சியில் உள்ள சில படிகளைத் தவிர, எல்லாம் சாய்தளங்கள், மொத்தம் 35. அப்பாவின் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம். ராத்திரி ஒரு சின்னக் கடையில் கீரையும் கொண்டைக்கடலையும் போட்ட ஒரு பதார்த்தம். முதல் வாய் வைத்ததும் அப்பா நிமிர்ந்தார்: "சீரகம் போட்டிருக்கான்!" பிறகு இன்னொரு தட்டு.

கிரனாடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவுக்கு வாரக்கணக்கில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தாக வேண்டும். பெயர் அச்சிட்ட டிக்கெட், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் சுல்தான்களின் அரண்மனைகளுக்குள் நுழைய உங்களுக்குக் கொடுத்த நேரத்தைத் தவறவிட்டால் போயிற்று.

இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் நான் சுவர் அழகை வர்ணிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் இதில் பெரும்பகுதி பளிங்கோ விலையுயர்ந்த கல்லோ அல்ல. ஜிப்சம், மரம், ஓடு, செங்கல். அச்சில் வார்த்தும் கையால் செதுக்கியும் ஒட்டிய சுதை. சுல்தான்களுக்கு அப்போது கஸ்டீலுக்குக் கப்பம் கட்டிப் பிழைக்கும் நிலை. மலிவான பொருள், அளவில்லாத கைவேலை. பளிங்கைச் சிங்க முற்றத்துக்கு வைத்துக்கொண்டார்கள்: 124 மெல்லிய தூண்கள், 12 சிங்கங்கள். நீரூற்றின் விளிம்பில் இப்னு சம்ரக்கின் கவிதை. நான்கு பக்கத்து மண்டபங்களிலிருந்தும் தரையில் வெட்டிய மெல்லிய ஓடை வழியாகத் தண்ணீர் நடுவுக்கு வருகிறது. மலை உச்சிக்குத் தண்ணீர் எப்படி வந்தது? தாரோ ஆற்றில் சுமார் ஆறு கிலோமீட்டர் மேலே போய், அங்கே மடக்கி, மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பம்ப் இல்லை, வாட்டம் மட்டும். ஹெனரலிஃபே தோட்டத்தில் அந்த வாய்க்கால் இன்னும் ஓடுகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த இலை ஒன்றைப் போட்டு, வாட்சைப் பார்த்து வேகம் கணக்கிட்டார். நான் தடுக்கவில்லை.

இந்த நுணுக்கங்களுக்கு நடுவில் சார்லஸ் ராஜாவின் அரண்மனை. கோர்டோபாவைப் பார்த்து வருத்தப்பட்டதாகச் சொல்கிறார்களே, அவரேதான். 1527-ல் தொடங்கியது. வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம், இத்தாலியப் பாணி. கம்பீரம்தான், ஆனால் வந்து உட்கார்ந்த தோரணை பிடிக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விசேஷம். 1492 ஜனவரி 2-ல் கிரனாடா சுல்தான் நகரத்தைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்தபோது, முஸ்லிம்கள் தங்கள் மதத்தோடு இருக்கலாம் என்று ஒப்பந்தம். பத்து வருடத்துக்குள் அது கிழிந்தது. மதம் மாறு அல்லது வெளியேறு. மாறியவர்களை மொரிஸ்கோ என்றார்கள். அவர்கள் தங்கள் துணியையும் பேச்சையும் வைத்துக்கொண்டு தொந்தரவில்லாமல் இருக்க ஒரு வரி கட்டினார்கள். அந்த வரியில் எழுந்தது இந்த அரண்மனை. 1568-ல் அவர்கள் கிளர்ந்து எழுந்ததும் வரி நின்றது, வேலையும் நின்றது. கூரை போட்டு முடித்தது இருபதாம் நூற்றாண்டில்.

கிரனாடாவை வென்ற இசபெல்லா அரசியின் சமாதி கீழே நகரத்தில் இருக்கிறது. ஆனால் முதலில் அவரைப் புதைத்தது இங்கே, அல்ஹம்ப்ராவுக்குள், பிரான்சிஸ்கன் மடமாக மாற்றிய ஒரு நஸ்ரித் மாளிகையில். அவருடைய விருப்பமே அது. 1521 வரை அங்கேதான் இருந்தார். இப்போது அது அரசு நடத்தும் ஹோட்டல். வரவேற்பறையைத் தாண்டி உள்ளே போனால் அந்த இடத்தைப் பார்க்கலாம். தலைக்கு மேலே தேன்கூடு அடுக்காகத் தொங்கும் சுதை. தோற்றவர்களை விரட்டிய கையோடு, அவர்கள் செய்த கூரைக்கடியில் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

1609-லிருந்து சில வருடங்களில் மொரிஸ்கோக்களையும் கப்பலேற்றினார்கள், சுமார் மூன்று லட்சம் பேர். மேஸ்திரியும் போனார்.

விமானம் மறுநாள் என்பதால் மாட்ரிட்டில் ஒரு மாலை மிச்சம் இருந்தது. லாஸ் வெந்தாஸ் காளைச் சண்டை மைதானத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம். சண்டை பார்க்க வரமாட்டேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கட்டடத்தை மட்டும். 1931-ல் திறந்தது. செங்கல்லில் லாட வளைவுகள், வண்ண ஓடுகள், டொலேடோவில் பார்த்த அதே சாயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் தனக்கென்று ஒரு தேசியப் பாணி தேடியபோது, தன்னால் விரட்டப்பட்டவர்களின் பாணியைத்தான் எடுத்துக்கொண்டது. மைதானங்கள், ரயில் நிலையங்கள் எல்லாம் அதில் எழும்பின. நாங்கள் முதலில் போய் இறங்கிய டொலேடோ நிலையம்கூட 1919-ல் அப்படிக் கட்டியதுதான். அப்பா லாஸ் வெந்தாஸின் வளைவைத் தட்டிப் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பது இரும்புச் சட்டம். செங்கல் அதன் மேல் போர்த்தியது. "சும்மா முகப்புதான். வளைவு வேலையே செய்யல" என்றார். பிறகு, "செங்கல் அடுக்கினவன் கை மட்டும் சுத்தம்" என்றார்.